தாளக் கருவியில் தலைசிறந்தவர் யார்?

முன்னுரை

விருத்தாசலத்தில் மாசிமகத் தேர் புறப்பட்டாலும், கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருவிழா வந்தாலும், தேர் கண்ணில் படுவதற்கு முன்பே மேளம் காதுக்கு வந்துவிடும். கல்யாணம் என்றால் கெட்டிமேளம். சாவு என்றால் பறை. கச்சேரி என்றால் மிருதங்கம். தமிழர் வாழ்வில் தோற்கருவி ஒலிக்காத நாள் இல்லை எனலாம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் கருப்பொருளாக எண்ணுகிறது. மலைக்கு ஒரு பறை, வயலுக்கு ஒரு பறை, கடற்கரைக்கு ஒரு பறை. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், முப்பதை ஒட்டிய தோற்கருவிகளின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார்.

இத்தனை கருவிகள் முழங்கிய நாட்டில், “அவற்றை வாசித்தவர்களுள் தலைசிறந்தவர் யார்?” என்று கேட்டால் பட்டிமன்றமே நடத்தலாம். இசை அன்பர்கள் பல ஆண்டுகளாக இந்த வாதத்தை நடத்தித்தான் வருகிறார்கள். மாணவியரே, அந்த வாதத்தை நாமும் முறையாகக் கேட்போம். பின்பு அந்தக் கேள்வியையே சற்றுத் திருப்பிப் பார்ப்போம்.

மூன்று பெயர்கள்

மிருதங்கத்தைப் பற்றிய பேச்சில் மும்மூர்த்திகள் என்று மூவரைச் சொல்வது வழக்கம். பாலக்காடு மணி ஐயர், பழநி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகியோரே அம்மூவர். மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். பிறந்த ஆண்டுகள் முறையே 1912, 1908, 1914. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய வித்துவான்கள் பாடிய மேடைகளில் இவர்கள் வாசித்தார்கள்.

மணி ஐயர் கட்சியார் முதலில் எழுந்து பேசட்டும். அவர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்தவர். இளம் பிள்ளையாக இருந்தபோதே செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்துப் பெயர் பெற்றார். பின்பு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மேலும் பயின்றார். அவர் வருவதற்கு முன்னும் சிறந்த மிருதங்க வித்துவான்கள் இருந்தார்கள். ஆனால், பாடுகிறவர் எந்தச் சொல்லை எப்படி நீட்டுகிறார், எங்கே மூச்செடுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்து, பாட்டோடு பாட்டாக மிருதங்கத்தை நடத்திச் செல்வதை ஒரு தனிக்கலையாக உயர்த்தியவர் அவர் என்பது இக்கட்சியாரின் வாதம். சென்னை மியூசிக் அகாதெமி 1966ஆம் ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அளித்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. பக்கவாத்தியம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவி அன்று சபையின் நடுவில் வந்து அமர்ந்தது. 1971இல் பத்மபூஷண் விருதும் பெற்ற அவர் 1981இல் மறைந்தார்.

அடுத்துப் பழநியார் கட்சி. சுப்பிரமணிய பிள்ளையின் தந்தை பழநி முத்தையா பிள்ளையும் மிருதங்க வித்துவானே. புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளையின் வழி வந்த பரம்பரை இது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து, தாளக் கணக்கில் புதுவழி கண்டவர் மாமூண்டியா பிள்ளை. அந்தக் கணக்கெல்லாம் பழநியாரின் கையில் இனிமையாக ஒலித்தது என்பார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலை அழுத்தி நெகிழ்த்தி எழுப்பும் கும்கி என்னும் நாதம் அவர் வாசிப்பில் தனி அழகு பெற்றது.

இவருக்கு இருந்த இடையூறு வேறு எவருக்கும் இல்லை. இவர் இடக்கைக்காரர். வழக்கமாக மிருதங்க வித்துவான் பாடகரின் வலப்புறம் அமர்வார். அப்போதுதான் அவருடைய வலக்கை வாசிக்கும் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். இடக்கைக்காரர் அவ்விடத்தில் அமர்ந்தால் நாதம் மேடையின் பின்சுவரை நோக்கிப் போய்விடும். ஆகவே அவர் இடப்புறம் அமர வேண்டும். அங்கிருக்கும் பிடில் வித்துவான் எழுந்து வலப்புறம் வர வேண்டும். அதற்கு எல்லோரும் இசையவில்லை. இதனால் பழநியாருக்கு வாய்ப்புகள் குறைந்த காலம் உண்டு. செம்பை பாகவதர் போன்றோர் அவருக்குத் துணை நின்றார்கள். கையைக் குறை சொன்னவர்களுக்கு அந்தக் கையாலேயே பதில் சொல்லி, 1962இல் அவர் மறைந்தார்.

மூன்றாவது, முருகபூபதி கட்சி. இவருடைய தந்தை சித்சபை சேர்வையும் மிருதங்க வித்துவான். தமையனார் சங்கரசிவம் பெரிய இசை ஆசிரியர்; மதுரை டி. என். சேஷகோபாலன் அவரிடம் பயின்றவரே. முருகபூபதியின் சிறப்பு நாதத் தெளிவு. விரைவாக வாசிக்கும்போதும் ஒவ்வொரு சொல்லும் மற்றொன்றோடு ஒட்டாமல், கோத்த முத்துப்போல் தனித்தனியே விழும் என்று அவர் அன்பர்கள் பெருமையோடு சொல்வார்கள். 1998 வரை வாழ்ந்த இவர், மூவரில் கடைசியாக மறைந்தவர்.

இனி யாருக்குத் தீர்ப்பளிப்பது? ஒரு செய்தியைக் கவனியுங்கள். கேட்பவர்கள் கட்சி கட்டிக்கொண்டு வாதாடிய நாளிலேயே, மணி ஐயர் மிருதங்கமும் பழநியார் கஞ்சிராவுமாக ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த கச்சேரிகள் உண்டு. சபையில் நடந்த சண்டை மேடையில் நடக்கவில்லை.

தவிலும் கடமும் சும்மா இருக்குமா?

மிருதங்கக்காரர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் தவில் பொறுக்காது. பலாமரத்தில் குடைந்த அந்தக் கருவியை இடக்கையில் கோலும் வலக்கை விரல்களில் கூடுகளும் கொண்டு வாசிப்பார்கள். திறந்த வெளியில், நாகசுரத்திற்கு ஈடாக, மணிக்கணக்காக முழங்க வேண்டும். அத்துறையில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்லாதவர் இல்லை. கடல் கடந்தும் அக்கலை செழித்தது. ஈழத்து அளவெட்டியைச் சேர்ந்த தெட்சணாமூர்த்தி 1933 முதல் 1975 வரை மட்டுமே வாழ்ந்தவர்; ஆனால் இன்றும் தவில்காரர்கள் அவர் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். தவிலுக்கும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 2009இல் அதைப் பெற்றவர் வலையப்பட்டி ஏ. ஆர். சுப்பிரமணியம்.

மண்ணும் பீங்கானும் நம் வட்டாரத்தின் தொழில் ஆதலால் கடத்தை நாம் மறக்கலாகாது. தோலே இல்லாத தாளக் கருவி அது. வெறும் சுட்ட மண். அதை விரலாலும் உள்ளங்கையாலும் தட்டி உலகம் முழுவதும் கேட்கச் செய்தவர் டி. எச். விநாயக்ராம். ‘பிளானெட் டிரம்’ என்னும் இசைத்தட்டில் பல நாட்டு முழவுக் கலைஞர்களோடு அவரும் வாசித்தார். அந்தத் தட்டு 1992இல் கிராமி விருது பெற்றது.

மும்மூர்த்திகளின் கலையும் கடல் கடந்தது. பழநியாரின் மாணவரும், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பியுமான டி. ரங்கநாதன் 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று மிருதங்கம் கற்பித்தார். அவருடைய மற்றொரு மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

அளவுகோல் எது?

ஒரு மாணவி நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்ல மதிப்பெண் இருக்கிறது. முழவுக் கலைஞருக்கு எது மதிப்பெண்? வேகமா? ஓசையா? கணக்கா?

கணக்கு எத்தகையது என்பதைச் சிறு எடுத்துக்காட்டால் அறியலாம். ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கைகள். ஒவ்வொன்றையும் 4 பகுதிகளாக்கினால் ஒரு சுற்றுக்கு 32. இப்போது ‘தகதிமி தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். 4, 3, 3, ஆகப் 10. இதை மூன்று முறை சொன்னால் 30 ஆகும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே ஒன்று, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்று என இடைவெளி விட்டால் 32. சுற்று நிறைந்து, அடுத்த சுற்றின் முதல் தட்டில் பாட்டு சரியாக வந்து சேரும். இது குழந்தைக் கணக்கு. பெரிய வித்துவான்கள் 3, 4, 5, 7, 9 என்னும் ஐந்து எண்களையும் கலந்து, பல சுற்றுகளுக்கு நீளும் கோர்வைகளை மேடையிலேயே அமைப்பார்கள். கையில் காகிதம் இல்லை. எழுதி வைத்த குறிப்பும் இல்லை.

ஆனால் கணக்கு மட்டும் போதுமா? நம் முன்னோர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடல் அரங்கிற்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தையும் கூறுகிறது. தாள அறிவும் கைத்திறனும் அவனுக்கு வேண்டும். அவற்றோடு, உடன் இசைக்கும் மற்றவர்களிடம் குறை நேர்ந்தால் அதை நிரப்பவும், மிகை நேர்ந்தால் அதை அடக்கவும் அவன் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. பிறர் நன்றாக ஒலிக்கும்படி செய்கிறவனே நல்ல முழவாசிரியன்! இவ்வளவு பழமையான அளவுகோல் இன்றைக்கும் பொருந்துவது வியப்பே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பாட்டோடு ஒன்றியதில் மணி ஐயரும், கணக்கை இனிமையாக்கியதில் பழநியாரும், நாதத் தெளிவில் முருகபூபதியும் முன்னிற்கிறார்கள் என்று சொல்லலாம். இது தப்பித்துக்கொள்ளும் தீர்ப்பு அன்று. அளவுகோல் மாறினால் முதலிடமும் மாறும் என்பதே இவ்வாதம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

தோலுக்குள் இருக்கும் அறிவியல்

மிருதங்கம் ஏன் இவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது? இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1920இல், அவர் நம் நாட்டு முழவுகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் வெளியிட்டார்.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வுகளும் உடன் எழும். அவை ஒன்றோடொன்று இசைவதால் காதுக்கு இனிக்கிறது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலில் அப்படி இல்லை. அதன் மேல் அதிர்வுகள் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 மடங்குகளாக வரும். இவை ஒன்றோடொன்று இசையாததால் ‘தொம்’ என்ற சத்தம் மட்டுமே கிடைக்கும், சுருதி கிடைக்காது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கறுப்பாக வட்டமாக இடும் பூச்சு இந்தக் குறையைத் தீர்க்கிறது. நடுவில் கனம் கூடுவதால் அதிர்வுகள் மாறி, முழு மடங்குகளாக வந்து அமைகின்றன. ஒன்பது வகை அதிர்வுகள் இவ்வாறு ஐந்து இசைவான ஒலிகளாகச் சேர்வதை இராமன் காட்டினார். முழவு தந்தியைப் போலப் பாடுவதன் இரகசியம் இதுவே.

இனி அடுத்த கேள்வி. இந்தப் பூச்சைக் கண்டுபிடித்தது யார்? பௌதிகம் படிக்காமலே, காதை மட்டும் நம்பி, சோற்றையும் கிட்டான் கல்லின் பொடியையும் அரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து இட்ட அந்தக் கை யாருடையது? வரலாற்றில் அவர் பெயர் இல்லை.

கருவி செய்த கைகள்

பெயர் இல்லாமற்போனதற்குக் காரணம் உண்டு. மிருதங்கத்திற்குப் பசுவின் தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். தோலைத் தேர்ந்து, கழுவி, உலர்த்தி, வெட்டி, வார் இழுத்துக் கட்டும் வேலையை நம் சமுதாயம் இழிவு என்று ஒதுக்கி வைத்தது. அந்த வேலையைச் செய்தவர்களும் ஒதுக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த கருவியோ சந்தனம் பூசிப் பூசையில் வைக்கப்பட்டது.

தஞ்சாவூரில் செபஸ்தியான் என்பவரின் வழியில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்து வந்தார்கள். அக்குடும்பத்துப் பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு நெடுங்காலம் மிருதங்கம் செய்து தந்தவர். ஐயர் தம் மனத்தில் கேட்ட நாதத்தைச் சொல்வார். பர்லாந்து அதைத் தோலில் கொண்டுவர வேண்டும். மணி ஐயரின் நாதம் என்று நாம் வியப்பதில் பர்லாந்தின் உழைப்பும் பாதி என்றால் மிகையாகாது. பாடகர் டி. எம். கிருஷ்ணா இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றைத் தேடி 2020இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே இசை அன்பர்கள் பலர் இப்பெயர்களை அறிந்தார்கள்.

கடத்திற்கும் இவ்வாறே. கச்சேரிக் கடங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் மானாமதுரை. சாதாரணப் பானையைப்போல் கடத்தைச் சக்கரத்தில் வனைந்ததும் விட்டுவிட முடியாது. ஈரம் காயக் காய, மரத்தட்டுப் பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே கனமாக்க வேண்டும். சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் அதன் சுருதி தெரியும். அவ்வூரின் மீனாட்சி கேசவன் என்னும் பெண்மணி இக்கலைக்காகச் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றார். சூளைப் புகையைப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரத்துப் பெண்களுக்கு இது பெருமையான செய்தி அன்றோ?

பட்டியலில் இல்லாதவர்கள்

மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி வரிசையில் மிருதங்கத்திற்காக 1966இல் மணி ஐயர், 2001இல் உமையாள்புரம் சிவராமன், 2007இல் பாலக்காடு ரகு, 2011இல் திருச்சி சங்கரன் என்று பெயர்கள் வருகின்றன. எல்லோரும் பெரியவர்கள். எல்லோரும் ஆண்கள். பெண்களுக்குத் தாளம் வராது என்று இதற்குப் பொருளா?

அப்படிச் சொல்ல இயலாது. புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் பயின்று, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மேடை ஏறினார். மும்மூர்த்திகளுக்குச் சமகாலத்தவர் அவர். ஆயினும் அவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அக்காலத்தில் பெண் வாசிப்பதற்கு மட்டுமன்றி, பெண் பாடினால் அவருக்கு வாசிப்பதற்கும் தயக்கம் இருந்தது. மணி ஐயரே நெடுங்காலம் பாடகிகளுக்கு வாசிப்பதில்லை என்றிருந்து, பிற்காலத்தில்தான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். ஒரு மேதை தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் நினைவில் வைக்கத்தக்கதே.

கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மாவிடம் மிருதங்கம் கற்கத் தொடங்கியவர். கடத்தின் மேல் ஆசை வந்தபோது, பெண்ணின் விரல்களுக்கு அது கடினம் என்ற தயக்கத்தை அவர் கடக்க வேண்டியிருந்தது. பயிற்சி ஒன்றே அவர் பதில். பின்னாளில் வெவ்வேறு சுருதிக் கடங்கள் பலவற்றை முன்னால் வைத்து வாசிக்கும் முறையையும் அமைத்தார். பெண்களே வாசிக்கும் தாளவாத்தியக் குழுவையும் நடத்தினார். ஆந்திரத்தின் மிருதங்கக் கலைஞர் தண்டமூடி சுமதி 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பறைக்கும் இதே கதைதான். தொல்காப்பியர் நிலந்தோறும் எண்ணிய பறையைப் பின்னாளில் தீண்டாமை ஊர்க்கோடிக்குத் தள்ளியது. அதை வாசிப்பது கலை என்று சொல்லப்படாமல், சிலர்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தது. இழிவின் அடையாளம் என்று சொல்லப்பட்ட கருவியை அவர்கள் நிமிர்ந்து நின்று, ஆடிக்கொண்டே முழக்கினார்கள். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டில் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சணாமூர்த்தியும் பத்மஸ்ரீ பெற்றார்.

முடிவுரை

‘தலைசிறந்தவர் யார்?’ என்று கேட்பதில் தவறில்லை. அப்படிக் கேட்டதால்தான் மூன்று மேதைகளின் வாசிப்பில் உள்ள வேறுபாடுகளைக் கூர்ந்து கவனித்தோம். ஆனால் எந்தப் பட்டியலும் மேடை ஏற விடப்பட்டவர்களின் பட்டியலே. இடக்கைக்காரர் என்பதற்காகப் பழநியாரை எல்லோரும் ஒதுக்கியிருந்தால் இன்று மும்மூர்த்திகள் இருவராகியிருப்பார்கள். பெண் என்பதற்காகவும், பிறந்த தெருவுக்காகவும் ஒதுக்கப்பட்ட எத்தனை பழநியார்களை நாம் கேட்காமலே இழந்தோமோ!

ஆகவே, மாணவியரே, கச்சேரியிலோ திருவிழாவிலோ மேளம் கேட்கும்போது வாசிப்பவரைப் பாராட்டுங்கள். அந்தக் கருவியைச் செய்தவர் யார் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். உங்களுள் யாருக்காவது விரல்கள் மேசையில் தாமே தாளம் போடுமானால், அவற்றை அடக்க வேண்டாம்; ஓர் ஆசிரியரைத் தேடிச் செல்லுங்கள்.

சிந்தனைக்கும் பயிற்சிக்கும்

1. ஆதி தாளம் போட்டுக்கொண்டே ‘தகதிமி தகிட தகிட’ என்பதை இடைவெளி விட்டு மூன்று முறை சொல்லி, அடுத்த சுற்றின் முதல் தட்டில் வந்து சேருங்கள்.

2. மிருதங்கத்தின் கறுப்புப் பூச்சு நடுவில் இல்லாவிட்டால் ஒலி எவ்வாறு மாறும்? காரணம் கூறுக.

3. உங்கள் ஊரில் தோற்கருவி வாசிப்பவர், செய்பவர், பழுது பார்ப்பவர் எவரேனும் உண்டா? அவரிடம் பேசி, தொழிலைக் கற்ற விதத்தை ஒரு பக்கத்தில் எழுதுக.

4. பிறர் நன்றாக ஒலிக்கும்படி செய்பவரே சிறந்த கலைஞர் என்னும் கருத்தை உங்கள் வகுப்பில் பட்டிமன்றமாக விவாதியுங்கள்.